சம்பளம் இல்லாத இடத்தில் சண்டை வந்தால்: மத்தியஸ்தம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

தேதிகளைக் கணக்கிட உதவும் ஒரு சின்ன மென்பொருள் நூலகம். எட்டு வருடமாக ஒருவர் அதைப் பராமரித்து வருகிறார். காசு கிடையாது, அலுவலக வேலை முடிந்து, வீடு அடங்கிய பிறகு ராத்திரியில் உட்கார்ந்து பார்ப்பதுதான். புதிதாக வந்த ஒருவர் மூன்று வாரம் மெனக்கெட்டு, அதில் ஒரு பகுதியை அடியோடு மாற்றி எழுதி, 2000 வரிக்கு ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்புகிறார். பத்து நாள் சத்தமே இல்லை. பதினோராம் நாள் பதில் வருகிறது: "இது வேண்டாம். முதலில் கேட்டிருக்கலாம்." அவ்வளவுதான், மூடியாகிவிட்டது.

"புதியவர்களுக்கு இடமில்லை என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கலாமே" என்கிறார் வந்தவர். அதற்கு நான்கு பேர் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள். "எட்டு வருடம் ஓசியில் உழைத்ததற்கு நல்ல மரியாதை" என்கிறார் பராமரிப்பாளர். மறுநாள் காலையில் உங்களுக்கு ஒரு தனிச் செய்தி: "உங்களுக்கு இரண்டு பேரையும் தெரியுமே, கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

இது நான் கட்டிய கதைதான். ஆனால் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமம் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருள் திட்டம் எதிலாவது ஒரு வருடம் இருந்தவர்களுக்கு இதில் ஒரு வரியும் புதிதாக இருக்காது. அந்தத் தனிச் செய்தி வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்குத்தான் மத்தியஸ்தம் என்று பெயர்.

நாட்டாமை வேறு, மத்தியஸ்தர் வேறு

மத்தியஸ்தர் என்றதும் பலருக்கு நாட்டாமைதான் நினைவுக்கு வருவார்: இரண்டு தரப்பையும் கேட்டு, தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர். மூன்று வேலைகளைப் பிரித்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். இரு பக்கமும் கேட்டு "இதுதான் முடிவு" என்று சொன்னால் அது நடுவர் தீர்ப்பு. விதியை மீறியவரை எச்சரிப்பதும் நீக்குவதும் நடவடிக்கை. மத்தியஸ்தத்தில் இந்த இரண்டுமே கிடையாது. இருவரும் சம்மதித்து உங்களை நடுவில் உட்கார வைக்கிறார்கள். எதையும் திணிக்க உங்களுக்கு அதிகாரமில்லை. அவர்களே ஓர் ஏற்பாட்டுக்கு வருவதற்கு நீங்கள் கூட இருந்து உதவுகிறீர்கள்.

தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான டெபியன் திட்டத்தில் இந்த வேலைகள் தனித்தனிக் கைகளில் இருப்பதைப் பார்க்கலாம். தொழில்நுட்பச் சச்சரவு முற்றிப்போனால் முடிவு சொல்ல ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு. ஓர் உருவாக்குநரின் முடிவை அந்தக் குழு மாற்ற வேண்டுமானால் 3:1 பெரும்பான்மை வேண்டும். ஒருவரின் உறுப்பினர் தகுதியைப் பறிக்கும் அதிகாரம் கணக்கு மேலாளர்களிடம் இருக்கிறது. பேசிப் பார்க்கவும் ஆலோசனை சொல்லவும் சமூகக் குழு என்று தனியாக ஒன்று. 1998இல் ஏற்கப்பட்ட டெபியன் அமைப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. திட்டத்துக்காக வேலை செய்யும்படி இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. முறையாக எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது, அவ்வளவே.

தன்னார்வச் சமூகங்களின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு விதிக்குள் இருக்கிறது. அலுவலகத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் மேலாளர் கூப்பிட்டுப் பேசுவார். பிடிக்காவிட்டாலும் மாதச் சம்பளம் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடும். இங்கே அப்படி இழுத்துப் பிடிக்க எதுவுமில்லை. மனம் கசந்தவர் சண்டைகூடப் போடாமல் ஒரு நாள் வருவதை நிறுத்திக்கொள்வார். கோபம் மிஞ்சினால் மொத்த நிரலையும் நகலெடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகவும் உரிமம் அனுமதிக்கிறது. ஃபோர்க் என்பது அதுதான். பிரிந்தவர்கள் திரும்பி வருவதும் உண்டு. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரிலிருந்து 1997இல் பிரிந்த ஈஜிசிஎஸ், 1999இல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஏற்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் மறு ஆண்டே மீண்டும் இணைந்தது. இப்படி அமையும் என்று நம்பிப் பிரிய முடியாது, அது வேறு விஷயம்.

ஜெயித்தவர் ஏன் கிளம்பினார்?

2018 ஜூலையில், பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதற்குச் சற்று முன்னர்தான் பெப் 572 என்ற முன்மொழிவைப் பற்றிக் கடுமையான வாக்குவாதம் நடந்து முடிந்திருந்தது. ஒரு கணக்கீட்டுத் தொடருக்கு உள்ளேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்க ":=" என்ற குறியைச் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. வெளியாட்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. முன்மொழிவு ஏற்கப்பட்டது. அதாவது, அவர் பக்கம் ஜெயித்தது. ஜெயித்த பிறகு, இனி ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடிவிட்டு, இத்தனை பேர் தன் முடிவை வெறுப்பதையும் பார்க்க விருப்பமில்லை என்ற பொருளில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

டெபியனிலும் இதே மாதிரி ஒன்று. கணினி எழுந்ததும் முதலில் இயங்கும் இனிட் அமைப்பாக எதை வைப்பது என்ற கேள்வியில் 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு வாக்களித்தது. வாக்குகள் சமமாகி, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி தேர்வானது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நவம்பரில் நெடுநாள் பங்களிப்பாளர்கள் சிலர் பொறுப்புகளை விட்டு விலகினார்கள்; தேவுவான் என்ற தனிக்கிளையும் அறிவிக்கப்பட்டது.

நிரல் பற்றிய கேள்வி ஒன்று. அதைப் பேசும்போது மனிதர்களுக்குள் விழுந்த காயம் இன்னொன்று. முதலாவதற்கு ஓட்டெடுப்பு, சோதனை, வேக அளவீடு என்று வழிகள் ஏராளம். இரண்டாவதை யாரும் கையில் எடுக்காவிட்டால் உள்ளேயே கிடந்து புரையோடும். மத்தியஸ்தருக்கு உரியது அந்த இரண்டாவதுதான். நம் கதையில் அந்த பேட்ச் நல்லதா கெட்டதா என்று நீங்கள் வாய் திறந்தால், அந்த நொடியே மூன்றாவது கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள். நிரல் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டம். கருத்து நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கித்தான் ஆக வேண்டும்.

எழுத்து செய்யும் கோளாறு

இந்த ஆட்கள் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. "முதலில் கேட்டிருக்கலாம்" என்பது ராத்திரி பதினொன்றரைக்குக் களைப்போடு எழுதிய வரி. படித்தவருக்கு அது அதட்டலாகக் கேட்டது. மின்னஞ்சலில் கிண்டலையும் நிஜத்தையும் ஆட்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர்கள் ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாங்கள் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பது எதிராளிக்கு விளங்கிவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ கிட்டத்தட்டப் பூவா தலையா போட்ட அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள்.

இதோடு மொழியும் சேர்ந்துகொள்ளும். இருவருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழியாக இருக்கலாம். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்பது ஒருவருக்கு விவரம் கேட்பது, இன்னொருவருக்குக் குற்றம் சாட்டுவது. நேர வித்தியாசமும் உண்டு: ஒருவர் தூங்கி எழுவதற்குள் அவரைப் பற்றி முப்பது கமென்ட் விழுந்திருக்கும். எல்லாம் பொதுவில் நடக்கிறது, அழியாமல் கிடக்கிறது. நாலு பேர் பார்க்கும்போது பின்வாங்க யாருக்கு மனம் வரும்?

அப்புறம், சண்டையின் சூட்டுக்கும் விஷயத்தின் கனத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில், 'ஸ்லீப்' என்ற குட்டிக் கட்டளை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தை ஏற்கலாமா என்பது பெரிய விவாதமானது. அதையொட்டி ஒருவர் எழுதிய மடலில் இருந்துதான் சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற உவமை மென்பொருள் உலகில் பரவியது. ஓர் அணு உலைக்கும் ஒரு சைக்கிள் கொட்டகைக்கும் ஒரே குழு ஒப்புதல் தர வேண்டும் என்று வையுங்கள்: அணு உலை பற்றிப் பேச யாருக்கும் தைரியம் வராது. கொட்டகை நிறம் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். என் அனுபவத்தில், அற்ப விஷயத்துக்கு நூறு மடல் பறந்தால் பாதி நேரம் கொட்டகைதான் காரணம். மீதி நேரம் வேறு எங்கோ பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கும்.

வேடிக்கை பார்க்கிறவர்களையும் கவனியுங்கள். 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல், அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்தது தெரியவந்தது. பின்னோக்கிப் பார்த்தபோது, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை "வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று 2022இல் சில கணக்குகள் நச்சரித்திருந்தன. அவை போலிக் கணக்குகள் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. எல்லாச் சண்டையிலும் சதி தேட வேண்டாம். ஆனால் திட்டத்தில் ஒரு வரியும் எழுதாத ஒருவர் நெருப்பை மட்டும் ஊதிக்கொண்டிருந்தால், அவர் யார் என்று கேட்பதில் தப்பில்லை.

எங்கே உட்காரக் கூடாது

சரி, தனிச் செய்தி வந்துவிட்டது. உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். நடந்தது சச்சரவா, அத்துமீறலா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் இன்னொருவரை மிரட்டினார், பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தார், பிறப்பையோ பாலினத்தையோ இழுத்து இழிவுபடுத்தினார், ஒரே ஆளைத் துரத்தித் துரத்தித் தாக்கினார் என்றால் மத்தியஸ்தம் செய்யாதீர்கள். அடிபட்டவரை அடித்தவரோடு ஒரே மேசையில் உட்கார வைத்து "இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்பது இரண்டாவது அடி. அது நடத்தை விதிக் குழுவிடம் போக வேண்டிய விஷயம்.

நடத்தை விதிகள் வந்ததே அதற்காகத்தான். பல திட்டங்கள் பயன்படுத்தும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதித் தொகுப்பு 2014இல் எழுதப்பட்டது. அதன் 2.0 பதிப்பு நடவடிக்கைக்கு நான்கு படிகள் சொல்கிறது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2015இல் சண்டையைப் பற்றிய சிறு விதிக்குறிப்பு ஒன்று இருந்தது. 2018 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு இந்த கவனன்ட்டை அடிப்படையாகக் கொண்ட விதிகளை வைத்தார்கள். அதே சமயம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் மடல்களில் ஆட்களைத் தாக்கி எழுதியதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்து அக்டோபரில் திரும்பினார்.

அதிகார வித்தியாசம் இன்னொரு கண்ணி. ஒரு பக்கம் திட்டத்தின் சாவியே கையில் வைத்திருப்பவர், இன்னொரு பக்கம் நேற்று வந்தவர் என்றால் "சமமாக நடத்துவது" என்பதே சாய்மானமாகிவிடும். நம் கதையிலும் அது உண்டு: மூடும் பொத்தான் ஒருவரிடம்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடாதீர்கள். பராமரிப்பாளரிடம் தனியாக, நேராகவே சொல்லலாம். அதிகாரம் உச்சியில் இருந்தால் மத்தியஸ்தர்களே கையைப் பிசைய வேண்டியிருக்கும். 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல் மொழியின், உரையாடல்களை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்தல் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நிலையில் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

கடைசியாக, உங்களையே பார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் நெருங்கிய நண்பரா? அந்த பேட்ச் உள்ளே போனால் உங்களுக்கு லாபமா? அப்படியானால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவது உத்தமம்.

உட்கார்ந்த பிறகு

முதல் வேலை, பொதுவில் எரிவதை நிறுத்துவது. அழிப்பதோ பூட்டுவதோ முதலில் வேண்டாம். "இருவரிடமும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இரண்டு நாள் பொறுங்கள்" என்று ஒரு வரி போட்டாலே பாதி பேர் கலைந்துவிடுவார்கள்.

அடுத்தது தனித்தனியாகப் பேசுவது. இதில் நான் ஒரு முறை நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். மத்தியஸ்தம் செய்யக் கிடைத்த முதல் தடவை, வெளிப்படைத்தன்மை என்று நினைத்து இருவரையும் முதல் நாளே ஒரே சாட் அறையில் கொண்டுபோய் விட்டேன். கால் மணி நேரத்தில் பழைய மடல்களின் சுட்டிகளை ஒருவர் மேல் ஒருவர் எறிய ஆரம்பித்தார்கள். நான் சுட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் அன்றோடு போனவர்தான்.

தனியாகப் பேசும்போது பெரும்பாலும் கேட்பதுதான் வேலை. "என்ன நடந்தது?", "அதில் உங்களை அதிகமாக உறுத்தியது எது?", "இது சரியானால் எப்படி இருக்கும்?" இந்த மூன்று கேள்வி போதும். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைத் தள்ளிவைப்பது நல்லது, விசாரணைபோல ஒலிக்கும். கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "மூடியதைவிடப் பத்து நாள் மௌனம்தான் உங்களை நோகடித்தது, அப்படித்தானே?" எதிராளி "ஆமாம், அதேதான்" என்று சொல்லும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். சில சமயம் இந்த ஒரு "ஆமாம்" கிடைப்பதற்கே ஒரு வாரம் ஆகும். குரலில் பேசுவது எழுதுவதைவிடச் சீக்கிரம் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் இரண்டாவது மொழியில் திணறுகிறவருக்கு நிதானமாக எழுதுவதே வசதியாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இரகசியம் பற்றி முதலிலேயே தெளிவாகப் பேசிவிட வேண்டும். "நீங்கள் சம்மதிக்காமல் எதையும் மறுபக்கம் கொண்டு போக மாட்டேன்; ஆனால் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் நடத்தை விதிக் குழுவிடம் சொல்லத்தான் செய்வேன்." இதைவிடப் பெரிய வாக்குறுதி கொடுத்தால் பிற்பாடு மீற நேரிடும்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், கேட்கும் பொருளுக்கும் தேவைக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். புதியவர் கேட்பது: "என் பேட்சைச் சேர்க்க வேண்டும்." தோண்டினால், மூன்று வார உழைப்பை யாராவது படித்தார்களா என்பதே அவருக்குத் தெரியாது, அதுதான் வலி. பராமரிப்பாளர் சொல்வது: "பெரிய பேட்ச் வேண்டவே வேண்டாம்." தோண்டினால், அனுப்பியவர் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடுவார், 2000 வரியின் பிழைகளும் தன் தலையில்தான் விழும் என்ற பயம். முன்பு அப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது, அது புதியவருக்குத் தெரியாது. சேர்ப்பதா வேண்டாமா என்பதில் நடுவழி கிடையாது. ஆனால் படிக்கப்படுவதும், தனியாக மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும் இரண்டுமே ஒன்றாக நடக்கக்கூடியவை.

இங்கே வந்த பிறகுதான் இருவரையும் சேர்த்துப் பேச வைப்பது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும் தபால்காரராக நீங்கள் மாறிவிடாமல், அவர்களே ஒருவரிடம் ஒருவர் அதைச் சொல்லும்படி பாருங்கள். "அந்த இரண்டு பேட்ச் கதையை நீங்களே அவரிடம் சொல்ல முடியுமா?" என்று பராமரிப்பாளரைக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரையும் நெருக்க வேண்டாம். வாங்கித் தந்த மன்னிப்பு இரண்டு பக்கமும் கசக்கும்.

உடன்பாடு ஏற்பட்டால் அது சின்னதாக, சரிபார்க்கக்கூடியதாக இருக்கட்டும். "இனி மரியாதையோடு நடந்துகொள்வோம்" என்பதை எழுதி வைத்துப் பயனில்லை. யார் எப்போது மீறினார்கள் என்று அதைப் பற்றியே அடுத்த சண்டை வரும். நம் ஆட்கள் இப்படி எழுதலாம்: பேட்சை ஐந்தாக உடைத்து அனுப்புவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்குள், மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு ஒரு பதில், சேர்த்த பகுதிகளுக்கு வரும் பிழை அறிக்கைகளை ஒரு வருடம் புதியவரே பார்ப்பது, 200 வரிக்கு மேல் போகும் எந்த மாற்றத்துக்கும் முன்கூட்டியே பேச வேண்டும் என்று பங்களிப்பு வழிகாட்டியில் ஒரு வரி சேர்ப்பது. இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி குறித்து, அன்று இருவரையும் "எப்படிப் போகிறது?" என்று கேட்பது உங்கள் பொறுப்பு. பலரும் மறப்பது இதைத்தான்.

பொதுவில் என்ன சொல்வது என்பதையும் இருவருமே முடிவு செய்யட்டும். "பேசிவிட்டோம், வேலை இப்படித் தொடரும்" என்ற அளவில் இரண்டு வரி போதும். உள்ளே பேசியதெல்லாம் வெளியே வர வேண்டியதில்லை. அதற்காகக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்து போவார்கள், போகட்டும்.

எல்லாம் கூடி வந்தாலும் இந்த இருவரும் நண்பர்களாகிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்தில் மூன்று பகுதிகள் உள்ளே போகலாம், நான்காவது நிராகரிக்கப்படலாம். அந்த நிராகரிப்புக்குக் கீழே இந்த முறை ஆறு வரிக்குக் காரணம் எழுதியிருக்கும். புதியவர் அதைப் படித்துவிட்டு, "சரி, பிழை அறிக்கை ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார்க்கிறேன்" என்று பதில் போட்டிருப்பார்.